லாக்புக்கில் எழுதாத பக்கங்கள்: ஜோகன்னஸ்பர்க் ஹேங்கர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2017 ஜூலை. ஜோகன்னஸ்பர்க்கில் அது கடுங்குளிர் மாதம். விமானங்களைப் பழுதுபார்க்கும் எங்கள் ஹேங்கரின் தகரக் கூரை காலை பத்து மணி வரை பனிக்கட்டி மாதிரி இருக்கும். விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஆய்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. அதற்கு முன் பயிற்சிப் பதிவுகளை ஒருமுறை சரிபார்ப்பது தரப்பிரிவில் என் பொறுப்பு. மூன்றாம் ஆண்டு அப்ரெண்டிஸ்கள், அதாவது தொழில் பழகுகிறவர்கள், தாங்கள் செய்த வேலைகளைப் பதிவு செய்யும் லாக்புக்குகளை மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு தேதி, கையெழுத்து, ஸ்டாம்ப் எல்லாம் இருக்கிறதா என்று புரட்டினேன். எல்லாம் இருந்தது. மூடி வைக்கப் போன நேரத்தில் இரண்டு லாக்புக்குகள் அருகருகே திறந்து கிடந்தன.

ஒன்று ஒரு பையனுடையது. எரிபொருள் பம்ப் மாற்றியது, இக்னைட்டர் மாற்றியது, இன்ஜினையே இறக்கி ஏற்றியது, பிரேக் யூனிட், சக்கரத் தொகுதியான லேண்டிங் கியர் என்று பக்கம் பக்கமாகப் போனது. இன்னொன்று டர்பன் மீர்பேங்க்கிலிருந்து வந்த பெண்ணுடையது. சீட் கழற்றியது. சீட் மாட்டியது. தரைக் கம்பளம் மாற்றியது. உள்சுவர்ப் பலகை, ஆக்சிஜன் மாஸ்க் பெட்டி, மறுபடியும் சீட். இன்ஜின் பகுதியில் நான்கே வரிகள், நான்கிலும் ‘உதவி’ என்று குறிப்பு. லேண்டிங் கியர் பகுதியில் ஒரு வரிகூட இல்லை. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

ஆய்வுக்கு வருகிறவர்கள் இதில் குறை கண்டிருக்க மாட்டார்கள். எழுதியிருப்பதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. எழுதாமல் விட்டதைக் கேட்க அவர்களுடைய படிவத்தில் கட்டம் கிடையாது.

அந்த இரண்டு லாக்புக்குகளில் தொடங்கி அடுத்த எட்டு ஆண்டுகளில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் திருச்சிக்காரி. விமானப் பராமரிப்பில் தரக் கட்டுப்பாட்டு வேலைக்காக இங்கே வந்து கெம்ப்டன் பார்க்கில் குடியேறினேன். நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் சொல்லப் போவதில்லை. அந்தப் பெண்ணைத் தங்கை என்றே சொல்கிறேன். அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் குடும்பம் டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கரும்பு வெட்ட வந்து ஐந்தாறு தலைமுறை ஆகிவிட்டது. வீட்டுப் பேச்சு ஆங்கிலம். ஆனால் பாட்டி அவளுக்கு ஆயா, புரட்டாசி முழுக்கச் சைவம், தைப்பூசத்துக்கு லீவு கட்டாயம். எங்கள் இருவருக்கும் பொதுவான தமிழ்ச் சொற்கள் ஐம்பது இருக்கும். அதை வைத்துக்கொண்டே நாங்கள் நிறையப் பேசிவிடுவோம்.

ஏணியின் படிகள்

வெளியாட்களுக்கு இந்தத் தொழிலின் ஏணி தெரியாது. அது தெரியாமல் மேலே சொன்னது ஏன் பெரிய விஷயம் என்றும் புரியாது.

அப்ரெண்டிஸாகச் சேர்கிறவர் சில ஆண்டுகள் வேலை பழகி டிரேட் டெஸ்ட் எழுதித் தொழிலாளி ஆகிறார். அது பாதிக் கிணறுதான். அப்புறம் தென்னாப்பிரிக்க சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் தரும் விமானப் பராமரிப்பு இன்ஜினியர் லைசென்ஸ் வேண்டும். விதிமுறைகளின் 66ஆம் பகுதி அதைப் பற்றியது. அதற்குத் தேர்வு எழுதினால் மட்டும் போதாது. எந்தெந்த அமைப்பில் என்னென்ன வேலை செய்தோம் என்பதற்கு லாக்புக்கில் சான்று வேண்டும். லைசென்ஸ் வந்த பிறகு குறிப்பிட்ட விமான வகைக்கான தகுதி. அதற்கும் பிறகு, 145ஆம் பகுதியின்படி அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தன் பெயரில் கையெழுத்திடும் அதிகாரத்தை அவருக்குக் கொடுக்க வேண்டும். இத்தனையும் தாண்டினால்தான், வேலை முடிந்த விமானம் பறக்கத் தகுதியானது என்று ஒருவர் கையெழுத்துப் போட முடியும்.

ஷிப்ட் சூப்பர்வைசர், ஹேங்கர் மேலாளர், தரப்பிரிவுத் தலைவர் என்று மேலே இருக்கிற யாரைக் கேட்டாலும் முதலில் கையெழுத்துப் போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். இந்தத் தொழிலில் தலைமைக்கு வேறு வாசல் அனேகமாக இல்லை. அப்படியென்றால் மூன்றாம் ஆண்டில் லேண்டிங் கியர் பக்கம் காலியாக இருப்பது, பதினைந்து ஆண்டு கழித்து மேலாளர் நாற்காலியில் யார் உட்காருவார் என்பதை அன்றைக்கே பாதி முடிவு செய்துவிடுகிறது. யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு இல்லை அது. ஒவ்வொரு நாள் காலையும் வேலை பிரிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கப்பட்டது.

எப்படி நடந்தது

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். சூப்பர்வைசர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நினைத்தேன். மூன்று வாரம் காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் யாருக்கு என்ன வேலை என்று டாஸ்க் கார்டு பிரிக்கும் மேசைக்குப் பின்னால் போய் நின்றேன். பார்த்தது வேறு.

கெட்ட எண்ணம் யாரிடமும் இல்லை. “அது கனம், நீ கேபினைப் பார்” என்று அக்கறையாகத்தான் சொன்னார்கள். இந்தக் கனம் என்ற வாதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நடுத்தர ஜெட் விமானத்தின் முக்கியச் சக்கரம் டயரோடு சேர்த்தால் நூறு கிலோவுக்கும் மேல். அதை எந்த ஆணும் கையால் தூக்குவதில்லை, தூக்கவும் கூடாது. அதற்கென்று சக்கர டிராலி இருக்கிறது. அதில் வைத்து, உயரம் சரிசெய்து, அச்சில் தள்ள வேண்டும். அந்த வேலைக்குத் தேவை பொறுமையும் கண்ணளவும். நட்டை எந்த அளவு முறுக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. டார்க் ரெஞ்ச் அந்த அளவு வந்ததும் காட்டிவிடும். ஐம்பது கிலோ பெண் செய்தாலும் தொண்ணூறு கிலோ ஆண் செய்தாலும் ரெஞ்சுக்கு ஒன்றுதான்.

இரண்டாவது காரணம் அவசரம். விமானம் தரையில் நிற்கிற ஒவ்வொரு நாளும் விமான நிறுவனத்துக்கு நஷ்டம். பம்ப் மாற்ற வேண்டுமென்றால், போன வாரம் பம்ப் மாற்றியவனைத்தான் சூப்பர்வைசர் கூப்பிடுவார். அவன் இன்னொரு முறை செய்வான், இன்னும் வேகமாகிவிடுவான். அடுத்த முறையும் அவனையே கூப்பிடுவார்கள். போன வாரம் சீட் மாட்டியவள் இந்த வாரமும் சீட் மாட்டுவாள்.

மூன்றாவதுதான் உண்மையான வேர். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. இன்ஜின் இறக்குவது, கியர் மாற்றுவது போன்ற பெரிய வேலைகள் பெரும்பாலும் இரவு ஷிப்டில் விழுந்தன. பெண் அப்ரெண்டிஸ்கள் யாரும் இரவு ஷிப்டில் இல்லை. ஏன்? நள்ளிரவுக்கு மேல் வேலை முடிந்தால் வீட்டுக்குப் போக வழி கிடையாது. இங்கே சாதாரண மக்களின் போக்குவரத்து மினிபஸ் டாக்சி. அந்த நேரத்தில் அது ஓடாது. ஒரு பெண் தனியாகத் தெருவில் நிற்கக்கூடிய ஊரும் இது இல்லை. அதனால் ‘பெண்களுக்குப் பகல் ஷிப்ட்’ என்று யாரோ நல்ல மனசோடு எழுதி வைத்திருந்தார்கள். ஆக, ஒரு பெண் ஏன் இன்ஜின் லைசென்ஸ் வாங்க முடியவில்லை என்று கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வேன் இல்லை என்பதில் போய் நிற்கிறது.

இத்தனைக்கும் சட்டம் இதை எப்போதோ யோசித்துவிட்டது. 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம், மாலை ஆறு மணி முதல் காலை ஆறு மணி வரை உள்ளதை இரவு வேலை என்கிறது. ஷிப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போக்குவரத்து இருந்தால்தான் அந்த நேரத்தில் வேலை வாங்கலாம் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் இடத்தில் போக்குவரத்தை ஏற்பாடு செய்வதற்குப் பதிலாகப் பெண்களை இரவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெண்கள் விஷயத்தில் அந்தப் பிரிவை மீறவில்லை. ஆனால் அதன் பலன் யாருக்குப் போக வேண்டுமோ அவர்களுக்குப் போகவில்லை.

வால் பகுதிக்குள் இருந்தவள்

பெண்களுக்குக் கஷ்டமான வேலை கொடுக்கவில்லை என்று யாராவது நினைத்தால், அதுவும் தவறு. இதை நான் நேரில் பார்த்தேன்.

ஒரு விமானத்தின் வால் பகுதியில் தகடு மாற்றும் வேலை. வெளியே ஒருவர் ரிவெட் கன்னைப் பிடித்து அடிப்பார். உள்ளே இன்னொருவர் பக்கிங் பார் என்ற இரும்புக் கட்டியை ரிவெட்டின் மறுமுனையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். அடி விழ விழ உள்முனை நசுங்கி மொட்டு மாதிரி விரியும். கட்டி ஒரு இம்மி சாய்ந்தாலும் மொட்டு கோணலாகிவிடும். அப்புறம் அந்த ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு மறுபடியும் அடிக்க வேண்டும். உள்ளே இடம் குறுகல், தலை நிமிர முடியாது, காது அடைப்பான் போட்டாலும் மண்டை அதிரும். தங்கை ஒடிசல். அதனால் அவளைத்தான் உள்ளே அனுப்புவார்கள்.

அன்று மதியம் வெளியே வந்தாள். முழங்கை இரண்டிலும் தோல் வழண்டிருந்தது. அவளுக்குக் கொடுத்திருந்த ஓவரால் ஆண்களுக்கான சிறிய அளவு. கைப்பகுதியை மூன்று மடிப்பு மடித்து டேப் ஒட்டியிருந்தாள். உள்ளே ஒரு விளிம்பில் அது மாட்டிக் கிழிந்திருந்தது. எத்தனை ரிவெட் என்று கேட்டேன். “முப்பத்தொன்று அக்கா. ஒன்றுகூடக் கோணல் இல்லை.” முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் டாஸ்க் கார்டைப் பார்த்தேன். வேலை செய்தவர் என்ற இடத்தில் வெளியே கன் பிடித்தவர் பெயர் மட்டும் இருந்தது. அவள் லாக்புக்கில் அந்த நாளுக்கு எழுதியிருந்தது ஒரே சொல்: உதவி.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவள் கொள்ளுப்பாட்டன்மார் நேட்டால் கரும்புக் காட்டில் வெட்டிய கரும்புக்கும் அவர்கள் பெயர் எழுதியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. 1860 நவம்பரில் மெட்ராஸிலிருந்து முதல் கப்பல் டர்பனுக்கு வந்தபோது ஆட்களுக்கு எண்தான் கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தக் கூலிப் பட்டியல்களை ஒருமுறை பார்த்திருக்கிறேன். இது ஹேங்கர் விஷயத்துக்கு நேரடியாகத் தொடர்பில்லாததுதான். ஆனாலும் அன்று ராத்திரி நினைவுக்கு வந்தது.

என்ன செய்தோம்

முதலில் நான் செய்தது பலிக்கவில்லை. ஆகஸ்ட் 9 இங்கே தேசியப் பெண்கள் தினம். 1956இல் அதே நாளில் ஏறக்குறைய 20,000 பெண்கள், கறுப்பின மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய பாஸ் சட்டத்தை எதிர்த்து பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகத்துக்கு ஊர்வலம் போனார்கள். அந்த நாளையொட்டிப் பெண் அப்ரெண்டிஸ்களுக்காக ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தேன். நன்றாகப் பேசினோம். மறுநாள் காலை டாஸ்க் கார்டு பிரித்தபோது தங்கைக்கு வந்தது சீட்.

பிறகு பலகைக்குப் போனோம். டாஸ்க் கார்டு மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினோம். இடதுபுறம் அப்ரெண்டிஸ்களின் பெயர், மேலே அமைப்புகளின் பெயர்: இன்ஜின், லேண்டிங் கியர், ஹைட்ராலிக்ஸ், பிளைட் கன்ட்ரோல், எரிபொருள், கட்டமைப்பு, கேபின். யார் லாக்புக்கில் எது காலியோ அந்தக் கட்டத்தில் சிவப்புக் காந்தம். பம்ப் மாற்ற வேண்டுமென்றால் அனுபவசாலி ஒருவர் போகட்டும். கூட, அந்த வரிசையில் சிவப்பு இருக்கிற அப்ரெண்டிஸ் போக வேண்டும். ஆணா பெண்ணா என்ற பேச்சே பலகையில் இல்லை. இரண்டு நாள் தாமதமாகும் என்றார்கள். முதல் மாதம் சில வேலைகள் தாமதமாகத்தான் செய்தன. அதை மறைக்கவில்லை.

கூடவே மூன்று சின்ன மாற்றங்கள். ரிவெட் வேலையில் இரண்டு பக்கமும் இருந்தவர்களின் பெயரை எழுத வேண்டும். ஓவரால், கையுறை, பாதுகாப்புக் கச்சை எல்லாம் பெண்களின் அளவிலும் வாங்க வேண்டும். இரவு ஷிப்ட் முடிகிற எல்லோருக்கும் வேன். வேனுக்குத்தான் ஐந்து மாதம் போராடினேன். வந்த பிறகு அதில் முக்கால்வாசி ஏறியவர்கள் ஆண்கள். அவர்களும் அத்தனை நாள் பயந்துகொண்டேதான் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

இன்ஜின் பகுதியில் ஒரு பெரியவர் இருந்தார். ஆஃப்ரிகான்ஸ்காரர். எல்லோரும் அவரை ஊம் என்று கூப்பிடுவோம், அவர்கள் மொழியில் பெரியப்பா, மாமா என்கிற மாதிரி மரியாதைச் சொல். பெண்கள் இன்ஜினுக்கு வேண்டாம் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னவர். ஆனால் பலகையில் சிவப்பு இருந்ததால் தங்கையை அவரிடம் அனுப்பினார்கள்.

முதல் நாள் லாக்வயர் போடச் சொன்னார். இன்ஜினில் இருக்கும் சில போல்ட்களின் தலையில் துளை இருக்கும். மெல்லிய எஃகுக் கம்பியை அதற்குள் விட்டு, இரு இழையையும் முறுக்கி, அடுத்த போல்ட்டின் துளைக்குக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். அதிர்வில் ஒரு போல்ட் தளரப் பார்த்தால் கம்பி அதை இறுகும் பக்கமாக இழுக்க வேண்டும். திசை மாறிக் கட்டினால் கம்பி இருந்தும் பயனில்லை. 0.8 மில்லிமீட்டர் கம்பி என்றால் அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டு முறுக்கு. குறைந்தால் தொளதொளக்கும், கூடினால் கம்பி களைத்து ஒடியும். முடிவில் நுனியை உள்பக்கமாக மடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்துக் கை வைக்கிறவரின் விரலைக் கிழித்துவிடும்.

அவள் முதலில் போட்டதை ஊம் ஒன்றும் சொல்லாமல் கட்டரால் வெட்டிப் போட்டார். திசை தப்பு. இரண்டாவதையும் வெட்டினார். முறுக்கு சீராக இல்லை. மூன்றாவதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த போல்ட்டைக் காட்டினார். தங்கை பின்னால் என்னிடம் சொன்னாள், அவள் ஆயா டர்பன் துணி ஆலையில் காலர் தைத்தவர். ஆயா பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் இரட்டை நூல் கோத்து முறுக்கிக் கொடுத்து வளர்ந்தவள் இவள். “அதே விரல் வேலைதான் அக்கா. நூல் இழுக்கிற பக்கம் பார்த்துத்தான் முடிச்சுப் போட வேண்டும் என்று ஆயா சொல்வாள்.”

ஊம் மனம் மாறினாரா என்று நான் கேட்கவில்லை. பலகையைப் படித்து அதன்படி ஆளைக் கூப்பிட்டார், செய்த வேலையைச் செய்தவர் பெயரில் எழுதினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

இன்னொருத்தி

அதே அணியில் சோவெட்டோவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். ஊம் கையில் பழகியவர்களில் கெட்டிக்காரி அவள்தான் என்பது என் எண்ணம். 2018இல் கர்ப்பமானாள். கர்ப்பிணிகளை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது என்று அதே வேலை நிபந்தனைச் சட்டம் சொல்கிறது. எரிபொருள் தொட்டி, கரைப்பான், சீலன்ட் எதற்கும் அவளை அனுப்ப முடியாது. அது முற்றிலும் நியாயம். அவளை ஸ்டோருக்கு அனுப்பினார்கள். பிரசவ விடுப்பு நான்கு மாதம். அப்புறம் கைக்குழந்தை. திரும்பி வந்தபோதும் ஸ்டோர். ஒன்றரை வருடம் லாக்புக்கில் ஒரு வரியும் இல்லை.

பலகையில் இதற்கு இடம் விட நாங்கள் மறந்துவிட்டோம். இதை என் தவறாகவே எடுத்துக்கொள்கிறேன். உடலைக் காப்பாற்றும் சட்டத்தைப் பின்பற்றினோம். அவள் படிப்பு எங்கே அறுந்தது என்று பார்க்கவில்லை. பின்னால்தான் யோசித்தோம்: அந்த மாதங்களில், இன்ஜினுக்குள் விட்டுப் பார்க்கும் போரோஸ்கோப் கேமராவின் படங்களைப் படிக்கக் கற்றுக்கொடுக்கலாம், வேலைத் திட்டமிடலில் உட்கார வைக்கலாம், பதிவுகளைச் சரிபார்க்க வைக்கலாம், லைசென்ஸ் தாள்களுக்குப் படிக்க நேரம் ஒதுக்கலாம். அவளே கேட்டுத் திட்டமிடல் பிரிவுக்குப் போனாள். எந்த விமானம் எப்போது உள்ளே வர வேண்டும், எந்த உதிரிப் பாகம் எந்தக் கப்பலில் இருக்கிறது என்பதெல்லாம் அவள் விரல் நுனியில். இன்று வேறு ஒரு நிறுவனத்தில் அந்தப் பிரிவுக்கே தலைவி. நல்லதுதான். ஆனால் ஒரு நல்ல இன்ஜின் கையை இழந்தோம் என்ற வருத்தம் எனக்குப் போகவில்லை.

2020

தங்கை 2019இல் டிரேட் டெஸ்டில் தேறினாள். அந்த வருடக் கடைசியில் நாட்டின் அரசு விமான நிறுவனம் சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸ், நலிந்த நிறுவனத்தை மீட்கும் சட்ட நடவடிக்கைக்குள் போனது. சில மாதத்தில் கொரோனா. விமானங்கள் தரையிறங்கின, ஹேங்கர்கள் வெறிச்சோடின. சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸ் 2021 செப்டம்பரில்தான் மறுபடி பறக்கத் தொடங்கியது. கொமேர் விமான நிறுவனம் 2022 ஜூனில் ஒரேயடியாக மூடப்பட்டது.

ஆட்குறைப்பில் இங்கே பரவலாக உள்ள வழக்கம், கடைசியாக வந்தவர் முதலில் வெளியே என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல பத்தாண்டுகள் கதவு சாத்தியிருந்த ஒரு தொழிலில் கடைசியாக வந்தவர்கள் யார்? பெண்களும், நிறவெறிக் காலத்தில் உள்ளே விடப்படாத குடும்பங்களின் பிள்ளைகளும்தான். எங்கள் அணியில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் போனார்கள். தங்கையும் போனாள். பலகையில் காந்தம் மாற்ற ஆள் இல்லாமல் அதுவும் நின்றுபோனது.

மீர்பேங்க்குக்குத் திரும்பினாள். அவள் குழந்தைப் பருவத்தில் டர்பன் விமான நிலையம் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. துணி காயப்போட்ட கொடிக்கு மேலே விமானத்தின் வயிறு தெரியும் என்பாள். 2010 மே மாதம், உலகக் கோப்பைக் கால்பந்துக்குச் சற்று முன்பு, வடக்கே கிங் ஷாக்கா விமான நிலையம் திறக்கப்பட்டது. பழையது மூடப்பட்டது. அவள் ஊர் வானம் அதோடு அமைதியாகிவிட்டது. அந்த வீட்டில் உட்கார்ந்துதான் லைசென்ஸ் தாள்களுக்குப் படித்தாள்.

2021 மார்ச்சில் போனில் ஒரு செய்தி அனுப்பினாள். டர்பனில் இருக்கிற குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஃபீனிக்ஸ் ராக்கெட் மேற்குக் கேப் கடற்கரையிலிருந்து 17.9 கிலோமீட்டர் உயரம் போயிருந்தது. பாரஃபின் மெழுகையும் நைட்ரஸ் ஆக்சைடையும் எரித்துப் பறக்கும் ஹைப்ரிட் ராக்கெட், மாணவர்களின் கைவேலை. “நம்ம ஊரில் செய்தது அக்கா” என்று எழுதியிருந்தாள். வேலை இல்லாத அந்த நாட்களில் அவளுக்கு அது எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

2022இல் வேறொரு ஹேங்கரில் ஆள் எடுத்தார்கள். நேர்முகத் தேர்வுக்கு அவள் எடுத்துப் போனது லாக்புக். லாக்புக் ஆளோடு போகும். இன்ஜின் பக்கங்கள் நிரம்பியிருந்தன, லேண்டிங் கியரும் இருந்தது. 2023இல் லைசென்ஸ் வந்தது.

எதை எண்ணுவது

இந்தத் துறையில் பெண்கள் என்றால் பத்திரிகைகளுக்கு விமானிகள்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள். தென்னாப்பிரிக்காவிலும் பெருமைப்பட ஆள் உண்டு. விமானப் பணிப்பெண் ஆக விரும்பி, உயரம் போதவில்லை என்று நிராகரிக்கப்பட்ட சிபோங்கிலே சாம்போ 2004இல் தன் சொந்த விமான நிறுவனத்தைத் தொடங்கினார். காவல்துறையில் ஹெலிகாப்டர் ஓட்டிய முதல் கறுப்பினப் பெண் ரெஃபிலுவே லெட்வாபா, இன்று ஆப்பிரிக்கச் சிறுமிகளுக்கு விமானத் துறையை அறிமுகம் செய்யும் இயக்கம் நடத்துகிறார். எங்களை ஆய்வு செய்யும் ஆணையத்துக்கு 2013இல் தலைவியானவர் பாப்பி கோசா. 2022இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பேரவைக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்ணும் அவரே. அதே அமைப்பு உலகின் முதல் விமானத் துறைப் பாலினச் சமத்துவ மாநாட்டை 2018 ஆகஸ்டில் கேப் டவுனில்தான் நடத்தியது. நம் பக்கத்தில், செங்கோட்டையிலிருந்து போய் ஆதித்யா எல்1 திட்டத்தை நடத்திய நிகர் ஷாஜியைத் தங்கையிடம் சொன்னபோது, படத்தை வாங்கி ஆயாவிடம் காட்டினாள்.

இவர்கள் எல்லோரும் வேண்டும். ஆனால் இவர்கள் படத்தைப் பார்த்து உள்ளே வருகிற ஒரு பெண்ணுக்கு, இரண்டாம் நாள் காலையில் என்ன டாஸ்க் கார்டு கிடைக்கிறது என்பதை யார் பார்க்கிறார்கள்? உலக விமான நிறுவனங்களின் கூட்டமைப்பு 2019இல் ஒரு இலக்கு வைத்தது. உயர்பதவிகளிலும் பெண்கள் குறைவாக உள்ள வேலைகளிலும் அவர்கள் எண்ணிக்கையை 25 சதவீதம் கூட்டுவது, அல்லது 25 சதவீதத்தை எட்டுவது, 2025க்குள். அந்த இலக்கை நான் மதிக்கிறேன். ஆனால் தலைகளை எண்ணினால் எங்கள் ஹேங்கர் 2017இலேயே நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கும். அப்ரெண்டிஸ்களில் பெண்கள் இருந்தார்கள். கையெழுத்துப் போடக்கூடியவர்களை எண்ணியிருந்தால் பூஜ்யம். ஒரு நிறுவனம் உண்மையாகவே தெரிந்துகொள்ள நினைத்தால் மூன்றாம் ஆண்டு லாக்புக்குகளை அருகருகே திறந்து வைக்கட்டும். அரை மணி நேர வேலை. இரவு ஷிப்ட் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

போன மாதம்

தங்கை இப்போது எட்டுப் பேர் கொண்ட இரவு அணியை நடத்துகிறாள். போன மாதம் ஒரு வேலையாக அந்த ஹேங்கருக்குப் போயிருந்தேன். டாஸ்க் கார்டு மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை, சிவப்புக் காந்தங்கள். நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

ஓர் இளைஞன் வந்தான், இரண்டாம் ஆண்டு. வந்திருக்கிற இன்ஜின் வேலைக்குத் தன்னை அனுப்பச் சொன்னான். அவள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வரிசையில் இன்ஜின் கட்டம் காலியில்லை. கேபின் கட்டத்தில் சிவப்பு.

“ஆக்சிஜன் மாஸ்க் இறக்கிப் பார்த்திருக்கிறாயா?”

இல்லை என்றான்.

“பத்தாயிரம் மீட்டருக்கு மேலே கேபின் காற்றழுத்தம் போனால் உன் அம்மா அதைத்தான் பிடித்து இழுப்பாள். போ, முழு வரிசையும் செய். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, நீயே கையெழுத்துப் போடுகிற மாதிரி பார். முடித்ததும் கூப்பிடு, நான் வந்து ஸ்டாம்ப் போடுகிறேன்.”

அவன் கார்டை எடுத்துக்கொண்டு படியேறிக் கேபினுக்குள் போனான். இன்ஜின் கார்டை அவள் இன்னொரு அப்ரெண்டிஸிடம் நீட்டினாள், அன்றுதான் முதல்முறை இரவு ஷிப்டுக்கு வந்திருந்த ஒரு பெண்ணிடம். ஓவரால் கை மடிக்காமல் சரியாக மணிக்கட்டில் நின்றது.